6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் ‘லவ் ஸ்டோரி’ கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது?

அலமாரிச்சாவி:

வணக்கம். ஆங்கில வழிப் பள்ளி நூலகம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். 6 முதல் 8 வரை மூன்று வகுப்பு, வகுப்புக்கு 40 பேர். லைப்ரரி பீரியடில் அதிகம் வரும் கேள்வி, “மிஸ், லவ் ஸ்டோரி இருக்கா?” அலமாரியில் ஒரு பக்கம் சிறுவர் துப்பறியும் கதைகள், மறு பக்கம் பெரியவர்கள் நாவல். நடுவில் ஒன்றுமில்லை. இல்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போய் போனில் படிக்கிறார்கள்.

கையில் ₹10,000 இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டும் வேண்டும். ஒரு புத்தகம் 11–13 வயதுக்கு ஆகுமா என்று முழுக்கப் படிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது? பின்னட்டையில் 12+ என்று இருந்தால் நம்பலாமா? முத்தம் வந்தாலே ஒதுக்கிவிட வேண்டுமா? தனி அலமாரி வைக்கலாமா? நன்கொடையாக வந்த இரண்டு அட்டைப்பெட்டியும் பிரிக்காமல் கிடக்கிறது.

பக்கம்நாற்பது:

மேடம், முதலில் அந்தப் பெட்டிகளைத் திறங்கள். விபத்து நடக்கிற இடம் அதுதான். காசு கொடுத்து வாங்கும் புத்தகத்தை யாராவது ஒருவர் புரட்டிப் பார்த்திருப்பார். பெட்டியில் வருவதை யாரும் பார்ப்பதில்லை, நேரே முத்திரை குத்தி அடுக்கிவிடுவார்கள்.

அட்டையை நம்பாதீர்கள். முன்பெல்லாம் பெரியவர்களுக்கான ரொமான்ஸ் நாவலை பத்தடி தூரத்திலேயே அடையாளம் காணலாம்: பொத்தான் போடாத ஆண், அவன் மேல் சாய்ந்த பெண். இப்போது கார்ட்டூன் படம், வெளிர்நீலம், ரோஜா நிறம். ஹன்னா கிரேஸ் எழுதிய ‘ஐஸ்பிரேக்கர்’ (2022) அட்டையைப் பார்த்தால் பள்ளிக்கூடக் கதை என்றுதான் தோன்றும். உள்ளே கல்லூரி மாணவர்கள், படுக்கையறைக் காட்சிகள் விலாவாரியாக. காலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ (2016) அட்டையில் பூ இருக்கும், கதை மனைவியை அடிக்கும் கணவனைப் பற்றியது. இரண்டும் பெரியவர்களுக்காக எழுதியவை. எழுதியவர்கள் மேல் தப்பு இல்லை, அட்டையை மட்டும் பார்த்து அடுக்குகிறவர்கள் மேல்தான்.

ஆங்கிலப் புத்தகம் என்றால் பார்கோடுக்குப் பக்கத்திலும் பதிப்புரிமைப் பக்கத்திலும் வகை போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்கப் பதிப்புகளில் ‘ஜுவனைல் ஃபிக்‌ஷன்’, ‘யங் அடல்ட் ஃபிக்‌ஷன்’, வெறும் ‘ஃபிக்‌ஷன்’ என்று மூன்றில் ஒன்று இருக்கும். முதலாவது உங்களுக்கு. மூன்றாவது பெரியவர்களுக்கு. நடுவில் இருக்கும் யங் அடல்ட்தான் தலைவலி: 12-இல் ஆரம்பித்து 17 வரை போகிறது. 8-ஆம் வகுப்புக்கு ஏற்றதும் பிளஸ் டூவுக்கு ஏற்றதும் ஒரே பெயரில் வரும். அதனால் 12+ என்பதைக் கீழ்வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உத்தரவாதமாக அல்ல.

இன்னொரு பொறி, லெக்சைல் எண். ஒரு புத்தகம் படிக்க எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண் அது. அது வாக்கிய நீளத்தையும் சொற்கள் எவ்வளவு அரிது என்பதையும் அளக்கிறது. கதையில் யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. பெரியவர்களுக்கான ரொமான்ஸ் பல எளிய சின்ன வாக்கியங்களில்தான் இருக்கும், அதனால் எண் குறைவாக வந்து ‘6-ஆம் வகுப்புக்குச் சரி’ என்று தோன்றும். அக்சிலரேட்டட் ரீடர் என்ற வாசிப்புத் திட்டத்தைப் பயன்படுத்தும் பள்ளி என்றால், வாசிப்பு மட்டத்தை விட்டுவிட்டு ஆர்வ மட்டத்தைப் பாருங்கள். எம்.ஜி. என்றால் 4 முதல் 8-ஆம் வகுப்பு, எம்.ஜி. பிளஸ் என்றால் 6-க்கு மேல், யு.ஜி. என்றால் 9 முதல் 12.

புரட்டிப் பார்க்கும் முறை: 280 பக்க நாவல் என்று வையுங்கள். முதல் 25 பக்கம் படியுங்கள், யார், என்ன வயது, எங்கே என்று தெரிந்துவிடும். பிறகு 120-இலிருந்து 155 வரை. காதல் கதைகளில் இருவரும் முதலில் நெருங்குவது பெரும்பாலும் நடுவில்தான். அடுத்து 190-இலிருந்து 225 வரை. சண்டை, பிரிவு, வீட்டுக்குத் தெரிவது எல்லாம் முக்கால் பங்கில் வரும். பெரியவர்கள் தயங்கும் விஷயங்களும் (குடி, வன்முறை, தற்கொலை எண்ணம்) அங்கேதான் பதுங்கியிருக்கும். கடைசி 15 பக்கம். மொத்தம் 110 பக்கம், ஒன்றரை மணி நேர வேலை. கிண்டிலில் இலவச மாதிரியைப் படித்து முடிவு செய்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். மாதிரியில் கிடைப்பது தொடக்கம் மட்டும், தொடக்கத்தில் எல்லாக் கதையும் சாது.

நாயகியின் வயதையும் கணக்கில் எடுங்கள். பிள்ளைகள் தங்களை விட இரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள். 11 வயதுக்கு 13 வயது நாயகி சரி. நாயகிக்கு 17 என்றால் அந்தக் கதையின் சிக்கல்களும் 17 வயதுக்கானவை.

ரெண்டுபிள்ளைஅப்பா:

நான் நேராகவே கேட்டுடறேங்க. 12 வயசுல காதல் கதை எதுக்குங்க? பள்ளிக்கூடமே எடுத்துக் குடுத்தா ‘மிஸ்ஸே குடுத்தாங்க’ன்னு ஆகிடும். முத்தம் வந்தா வேண்டாம்னு ஒரே கோடு போட்டுட்டா நூலகருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

மணியடிச்சாச்சு:

சார், உங்கள் கவலை நியாயம். ஆனால் அந்தக் கோடு தப்பான இடத்தில் விழுகிறது. முத்தமே இல்லாத கதையில் ஒருவன் அவள் போகிற வருகிற இடமெல்லாம் பின்தொடர்ந்து, கையைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் அவளைச் சம்மதிக்க வைத்திருப்பான். உங்கள் கோட்டை அது சுலபமாகத் தாண்டிவிடும். முத்தத்தை எண்ணுவதை விட, ஒருத்தி ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகு அடுத்த பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவன் விலகுகிறானா, அல்லது அந்த ‘வேண்டாம்’ வெட்கம் என்று கதையே மொழிபெயர்த்துக் கொடுக்கிறதா? இரண்டாவது என்றால், எவ்வளவு ‘சுத்தமான’ கதையாக இருந்தாலும் ஒதுக்குங்கள்.

வெண்டலின் வான் டிராணன் எழுதிய ‘ஃபிளிப்ட்’ (2001) உங்களுக்காகவே சொல்கிறேன். ஒரு அத்தியாயம் பையன் பிரைஸ் சொல்வான், அடுத்தது அதே சம்பவத்தை ஜூலி சொல்வாள். முதல் சந்திப்பிலேயே அவள் தன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று அவன் நெளிகிறான். அவள் பக்கம் திருப்பினால், அவன்தான் தன் கையைப் பிடித்தான் என்று மிதக்கிறாள். அவள் ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கும் முட்டைகளை அவன் வருடக்கணக்கில் குப்பையில் போடுகிறான். ‘எனக்கு அன்பு, அவனுக்குத் தொல்லை’ என்பதை எந்த நீதிபோதனை வகுப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. எட்டாம் வகுப்பு வரும்போது நிலைமை தலைகீழ். எல்லோர் முன்னாலும் அவன் முத்தமிடப் பார்க்கிறான், அவள் ஓடிவிடுகிறாள். பிறகு அவன் போன் மேல் போன் போடுகிறான், வீட்டுக்கு வருகிறான், அவள் பேசுவதில்லை. படிக்கக் கொடுத்தால் இந்த இடத்தில் நிறுத்தி, “இது அக்கறையா, தொந்தரவா?” என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து பேசும். மனவளர்ச்சி குன்றிய உறவினர் ஒருவரைப் பற்றி பிரைஸின் நண்பன் இழிவாகப் பேசும் இடம் ஒன்றும் இருக்கிறது, அதையும் முன்கூட்டித் தெரிந்துவைத்திருங்கள்.

அடுத்து, வயதும் அதிகாரமும். 15 வயதுப் பெண்ணும் அவளுடைய டியூஷன் மாஸ்டரும், 16 வயதும் 25 வயதும், இதையெல்லாம் கவிதையாகச் சொல்லும் கதைகள் வேண்டவே வேண்டாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள். இந்த இடத்தில் பெயரைப் பார்த்து ஏமாறுவது உண்டு. ரஸ்கின் பாண்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம். அவருடைய முதல் நாவல் ‘தி ரூம் ஆன் தி ரூஃப்’ (1956) அருமையான புத்தகம்தான். ஆனால் அதில் பதின்வயது ரஸ்டி காதலிப்பது தன் நண்பனின் அம்மாவை. 6-ஆம் வகுப்புக்கு அது வேண்டாம். அதே ஆசிரியரின் ‘தி நைட் ட்ரெயின் அட் தியோலி’ சிறுகதையைக் கொடுங்கள். ரயில் நின்ற கொஞ்ச நேரத்தில் கூடை விற்கும் பெண்ணைப் பார்த்த பையன், இறங்கித் தேடிப் போகாமலே இருந்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் “அவ என்ன ஆனா?” என்று நச்சரிப்பார்கள். நச்சரிக்கட்டும்.

நூலகருக்கு ஒன்று. கதையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிள்ளை, “இது மாதிரி என்கிட்டயும் ஒருத்தர்...” என்று ஆரம்பித்தால், கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துருவ வேண்டாம். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அன்றே தலைமையாசிரியரிடமும் ஆலோசகரிடமும் சொல்லுங்கள். தெரிந்த பிறகு புகார் செய்வது சட்டப்படி கட்டாயம், போக்சோ பிரிவு 19. குழந்தைகள் உதவி எண் 1098. நூலகச் சுவரில் இந்த எண் ஒட்டியிருக்கட்டும்.

ஏட்டுச்சுரை:

தமிழ்ப் பக்கம் நான் சொல்கிறேன். உண்மையைச் சொன்னால், 12 வயதுப் பிள்ளையின் முதல் ஈர்ப்பைப் பற்றி அந்த வயதுக்கே எழுதிய தமிழ் நாவல் அலமாரியில் ஒரு சாண் கூடத் தேறாது. சிறுவர் கதை முடிந்ததும் குடும்ப நாவல் ஆரம்பித்துவிடும். குடும்ப நாவலில் நாயகிக்கு 22, கதை கல்யாணத்துக்குப் பிறகு. அம்மா படித்து வைத்த மாத நாவலைப் பிள்ளை எடுப்பது இந்த இடைவெளியால்தான்.

அதனால் சரித்திர நாவலில் இருந்து தொடங்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் சரித்திர நாவல் எல்லாம் ஒன்றல்ல. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. வந்தியத்தேவன் குந்தவை காதல் முழுக்கப் பேச்சிலேயே நடக்கும். கேலி, குத்தல், ஓலை. வானதி அடிக்கடி மூர்ச்சை போடுவதைப் பார்த்து 7-ஆம் வகுப்பு சிரிக்கும். கோடிக்கரைச் சதுப்பில் எரியும் கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்று பூங்குழலி சொல்லும் இடத்தை உரக்கப் படித்துப் பாருங்கள், பின்பெஞ்சு அமைதியாகிவிடும். மணிமேகலையின் ஒருதலைக் காதல் துயரமாக முடியும், அதைப் பற்றி 8-ஆம் வகுப்பில் பேசலாம். நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும் வயது வித்தியாசத்தோடு வருவார்கள். கதை அதை ஆதர்சமாகக் காட்டுவதில்லை, ஊரே புறம் பேசுகிறது. ஐந்து பாகமும் தலையணை கனம் என்று பிள்ளைகள் மிரண்டால், தொடராக வந்ததால் அத்தியாயங்கள் சின்னவை, ஒரு பீரியடில் ஒன்று அல்லது இரண்டு முடியும் என்று சொல்லுங்கள். சுருக்கப் பதிப்பு வேண்டாம். சதி மட்டும் மிஞ்சும், பேச்சு போய்விடும், காதல் இருப்பதே பேச்சில்தான். மதுரைத் திட்டத் தளத்தில் முழு நாவலும் இலவசமாக இருக்கிறது, அச்சுப் பிரதிக்குச் செலவழிக்கும் முன் ஒரு அத்தியாயத்தை நகலெடுத்துக் கொடுத்துப் பாருங்கள்.

அதே அடுக்கில் இருக்கும் சாண்டில்யனை மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். ‘யவன ராணி’யும் ‘கடல் புறா’வும் கதை ஓட்டத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் நாயகி உள்ளே வந்ததும் கதை நின்றுவிடும், வர்ணனை பக்கக்கணக்கில் ஓடும். 12 வயதுப் பிள்ளைக்கு அது கதையாகவும் இருக்காது, பக்கத்து சீட்டுக்குக் காட்டும் பக்கமாகத்தான் ஆகும்.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ 8-ஆம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற நாலு பேருக்கு. அரவிந்தனும் பூரணியும் லட்சியவாதிகள், தொட்டுக்கொள்வதே அபூர்வம். ஆனால் நடை கனம், அரவிந்தன் இறந்தும் போகிறான். அழுகிற பிள்ளை என்றால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

போன் விஷயம். தமிழில் இணையத் தொடர்கதைகளுக்குப் பதிப்பாசிரியர் கிடையாது, பெரும்பாலும் எழுதியவர் போடும் வகைப்பெயர்தான் ஒரே அடையாளம். ‘ஆன்டி ஹீரோ’ என்று இருந்தால் கடத்தல், மிரட்டித் தாலி கட்டுதல், அறைவது, அப்புறம் அவளே காதலிப்பது என்ற வரிசையை எதிர்பார்க்கலாம். நாயகனுக்கு 30, நாயகிக்கு ‘இப்போதுதான் 18’. தணிக்கை, பூட்டு எல்லாம் ஒரு வாரம் தாங்கும். பிள்ளையிடம், “கதையில அவ எத்தனை தடவை வேண்டாம்னு சொன்னா, எண்ணிட்டு வா” என்று சொன்னால் நீண்ட நாள் தாங்கும். இப்படிப்பட்ட கதைகள் வரும் வாட்பேட் தளத்தின் சொந்த விதிப்படியே 13 வயதுக்குக் கீழ் கணக்குத் தொடங்க முடியாது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.

அலமாரிச்சாவி:

எல்லோருக்கும் நன்றி. பெட்டியைப் பிரித்ததில் ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ முதல் இரண்டு தொகுதி, ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’, ‘ட்வைலைட்’ முழுசெட் கிடைத்தது. மீதியெல்லாம் பெரியவர்கள் நாவல். முதல் தொகுதி நன்றாக இருந்தால் முழுத் தொடரையும் வைத்துவிடலாமா? சில பக்கம் மட்டும் சரியில்லை என்றால் மார்க்கரால் அடிக்கலாமா?

பக்கம்நாற்பது:

மார்க்கர் வேண்டவே வேண்டாம். கறுப்புப் பட்டை போட்ட பக்கத்தைத்தான் பிள்ளைகள் முதலில் தேடுவார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். ஆகாத புத்தகம் என்றால் முழுதாக வெளியே, ஆகும் என்றால் முழுதாக உள்ளே.

தொடர் விஷயத்தில் சரியாகப் பிடித்தீர்கள். பாத்திரங்கள் வளர்கிறார்கள், வாசிக்கிற பிள்ளையோ ஒரே மாதத்தில் நாலு தொகுதி முடித்துவிடுகிறது. ‘ட்வைலைட்’ நாலாவதில் கல்யாணம், முதலிரவு, ரத்தம் சொட்டும் பிரசவம். முதல் புத்தகத்திலேயே நாயகன் நாயகிக்குத் தெரியாமல் இரவில் அறைக்குள் வந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான், மணியடிச்சாச்சு சொன்ன அளவுகோலில் அது அங்கேயே விழுந்துவிடும். மேல் வகுப்புக்குத் தள்ளுங்கள். ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ படக்கதை, இரண்டு பையன்களின் காதல், ஆரம்பத் தொகுதிகள் மென்மையானவை, கெட்ட வார்த்தை சில உண்டு. நாலாவதில் உணவுக் கோளாறும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் மையத்துக்கு வருகின்றன. முதல் இரண்டையும் 8-ஆம் வகுப்புக்கு வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம், நிர்வாகத்திடம் முன்பே பேசிவிட்டு. படக்கதைக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: உரைநடையில் ஒரு வரியாகப் போகும் முத்தம் இங்கே அரைப்பக்கப் படம். பெற்றோர் புரட்டினால் கண்ணில் படுவது அது மட்டும்தான்.

‘ஆன்’ தங்கம் (1908). 11 வயதில் வருகிறாள், கில்பர்ட் ‘கேரட்’ என்று கூப்பிட்டதற்கு அவன் தலையில் சிலேட்டை உடைக்கிறாள், வருடக்கணக்கில் பேசுவதில்லை, கடைசியில் நட்பு. காதல் கைகூடுவது மூன்றாம் புத்தகத்தில்தான். இந்தத் தொடரை முழுதாகவே வைக்கலாம், பின்னால் வருவதும் கண்ணியமாகத்தான் இருக்கும், 6-ஆம் வகுப்புக்குக் கொஞ்சம் சலிக்கும், அவ்வளவே.

ரெபெக்கா ஸ்டெட் எழுதிய ‘குட்பை ஸ்ட்ரேஞ்சர்’ (2015) ஒன்று வாங்குங்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒரு பையனுக்கு அனுப்பிய படம் பள்ளி முழுக்கப் பரவுகிறது. எழுத்தில் கொச்சை இல்லை, பயமுறுத்தலும் இல்லை. போன் வைத்திருக்கும் வயதுக்கு இதை விடப் பொருத்தமானது எளிதில் அகப்படாது. 8-ஆம் வகுப்புக்கு.

₹10,000-த்தை இப்படிப் பிரிப்பேன். இறக்குமதிப் பேப்பர்பேக் ₹350 முதல் ₹500 வரை என்றால், தமிழுக்கு ₹2,500 ஒதுக்கியது போக 15 முதல் 20 பிரதி வரும். இருபது தலைப்பு வேண்டாம். எட்டுத் தலைப்பு, ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. இந்தக் கதைகளைப் பிள்ளைகள் தோழியோடு சேர்ந்துதான் படிப்பார்கள், ஒரே பிரதி என்றால் ஒருத்தி படிக்கும்போது மற்றவள் போனுக்குப் போய்விடுவாள்.

தனி அலமாரி வேண்டாம். ‘காதல்’ என்று எழுதிய தட்டுப் பக்கம் பையன்கள் கூட்டமாகத்தான் வருவார்கள், கலாய்க்க. தனியாக வந்து எடுக்க மாட்டார்கள். துப்பறியும் கதைக்கு நீலம், சாகசத்துக்குப் பச்சை என்று எல்லா வகைக்கும் முதுகில் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டி, இதற்கும் ஒரு நிறம் கொடுங்கள், சிவப்பைத் தவிர. எட்டாம் வகுப்புக்கு மட்டும் என்றால் ஸ்டிக்கரில் ‘8’. ரோஜா நிற அட்டைகளுக்குக் காக்கி உறை போட்டுத் தலைப்பை மட்டும் எழுதினால் பையன்களும் எடுப்பார்கள்.

ரெண்டுபிள்ளைஅப்பா:

‘வேண்டாம்’னு சொன்னதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு பாருங்கன்னீங்களே, அது சரியான பாயிண்ட்டுங்க. நாம பார்த்து வளர்ந்த சினிமாவுல முக்கால்வாசி அதுல பாஸாகாது. ஆனா பெத்தவங்களுக்குத் தெரியாம நடக்கக் கூடாது, அதுல நான் மாற மாட்டேன்.

மணியடிச்சாச்சு:

சார், அதில் உங்கள் கட்சிதான். ஆனால் புத்தகத்துக்குப் புத்தகம் கையெழுத்து வாங்கினால் யாரும் எடுக்க மாட்டார்கள். வருட ஆரம்பத்தில் டைரியில் ஒட்ட ஒரு சீட்டு போதும்: “நூலகத்தில் நட்பு, முதல் ஈர்ப்பு பற்றிய கதைகளும் இருக்கின்றன. பட்டியல் நூலக வாசலில் ஒட்டியுள்ளது. உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் கீழே எழுதி அனுப்புங்கள்.” எழுதி அனுப்பியவர் பிள்ளையின் கார்டில் பின்பக்கம் ஒரு புள்ளி, மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாத மாதிரி. ஒரு புத்தகத்தையே எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், முழுக்கப் படித்துவிட்டு எந்தப் பக்கம், ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், 15 நாள் கொடுங்கள். அதுவரை புத்தகம் தட்டிலேயே இருக்கட்டும்.

அலமாரிச்சாவி:

சீட்டை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ‘ஃபிளிப்ட்’ மட்டும் நாலு பிரதியாக வாங்குகிறேன். ‘ட்வைலைட்’ பிளஸ் ஒன் அறைக்குப் போகிறது.